ஊற்றுக்கண்ணில் ஒரு நீலம்

1996ஆம் ஆண்டு மார்ச் 14, வியாழக்கிழமை காலை நிலவரப்படி ஜோவிதாவிடம் 1,312 கற்கள் இருந்தன. அத்தனையையும் ஒன்றாகத் தராசில் போட்டாலும் அரைக்கிலோ தேறாது. இருப்பதில் பெரியது ஓர் உளுந்து அளவு. சிறியதை வெறும் கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை, ஜோவிதா உட்பட.

கோயமுத்தூர் புலியகுளத்தில், அந்தோணியார் கோயிலுக்குப் பின்பக்கத்துச் சந்தில் இரண்டு அறை வீடு. கணவர் ஆரோக்கியதாஸ் கணபதியில் ஒரு ஃபவுண்டரியில் வார்ப்புக்கு மரத்தில் பேட்டர்ன், அதாவது மூல அச்சு, செய்கிறவர். ஜோவிதாவுக்கு நாற்பத்தொரு வயது. திருச்சி ரோட்டில் ஒரு நூற்பாலையின் டெஸ்டிங் லேபில் பத்தொன்பது வருடமாகப் பஞ்சைச் சோதிக்கிறாள். நாரின் நீளம், முதிர்ச்சி, பருமன், குப்பை.

குப்பையில்தான் ஆரம்பித்தது. பஞ்சில் எத்தனை சதவீதம் குப்பை என்று பிரித்து எடை போடுவது அவள் வேலைகளில் ஒன்று. இலைத்தூள், விதைத்தோல், மண் எல்லாம் இருக்கும். 1984இல் ஒருநாள், மதியச் சங்குக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, அந்த மண்ணில் ஒரு சிட்டிகையை எடுத்து, நார் பார்க்கிற மைக்ரோஸ்கோப்பின் கீழே தள்ளினாள். சும்மாதான். உள்ளே மாதுளை முத்து நிறத்தில் ஒரு கல் உட்கார்ந்திருந்தது. பன்னிரண்டு முகம். ஒவ்வொரு முகமும் கண்ணாடி மாதிரி. யாரும் பட்டை தீட்டவில்லை; அப்படியேதான் அது வளர்ந்திருந்தது. அன்று சங்கு ஊதியது அவளுக்குக் கேட்கவில்லை. மாட்டுத்தீவனக் கடையில் வாங்கிய பருத்திக்கொட்டையில் ஒட்டியிருந்த மண், பூந்தொட்டி மண், சிறுவாணிக் குழாயின் அடி மண் என்று அதற்கப்புறம் எதையும் அவள் விடவில்லை.

மில் பழைய மைக்ரோஸ்கோப்பை ஏலம் விட்டபோது அதை வாங்கித் தையல் மெஷின் மேல் வைத்தாள். ராஜ வீதி நகைக்கடைகளில் மூக்குத்தி போட்டுக் கொடுக்கிற பிளாஸ்டிக் டப்பாக்களைச் சேர்த்தாள். டப்பாவின் அடியில் கறுப்புத் தாள், நடுவில் அரை அங்குலத்துக்கு வெட்டி நட்ட தீக்குச்சி, குச்சி முனையில் ஒரு துளி பசை, பசையின் மேல் கல். மூடியில் நம்பர். நம்பரை வைத்து ரெஜிஸ்டரில் பார்த்தால் எந்த ஊர், யார் தோட்டம், கிணற்றில் எத்தனையாவது அடி என்று இருக்கும். இடம் தெரியாத கல்லை அவள் வீட்டுக்குள் சேர்ப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஒரு துணிப்பை, ஒரு சுத்தியல், பத்து மடங்கு காட்டுகிற கைலென்சு எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவாள். மழை பொய்த்த வருடங்களில் இந்தப் பக்கத்தில் கிணற்றை ஆழப்படுத்தாத தோட்டம் குறைவு. எழுபதடி, எண்பதடி ஆழத்துப் பாறையை வேட்டு வைத்துப் பெயர்த்து மேலே கொட்டியிருப்பார்கள். அது மனிதக் கண் பார்த்திராத கல். அதை நினைத்தாலே அவளுக்குக் கால் நிற்காது.

ஆக 1,312. மேலும் ஒரு டப்பா இருந்தது. கல்லை ஒட்டுவதற்கு முன்பே மூடியில் நம்பர் எழுதிவிடுவது அவள் வழக்கம். 1,313 என்று எழுதிய டப்பாவுக்குள் தீக்குச்சி மட்டும் நின்றது. மூன்று வாரமாக அதுதான் அவளை உட்கார விடவில்லை.

நடந்தது இதுதான். ஜனவரியில், காங்கேயத்துக்குத் தெற்கே ஊதியூர் போகிற வழியில், ஈஸ்வரமூர்த்தி என்பவரின் தோட்டத்துக் கிணற்றுமேட்டில் ஒரு துண்டு எடுத்தாள். தோட்டக்காரர் பேரையும் ஆழத்தையும் கிணறு வெட்டுகிறவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டாள். சாம்பல் நிறப் பாறை, அதில் வெள்ளைச் சுண்ணாம்புப் படலம். வீட்டில் வைத்துப் பார்த்தால் படலத்தின்மேல் வான நீலத்தில் சின்னச் சின்ன விசிறிகள். ஒவ்வொரு விசிறியும் நூறு ஊசி. பன்னிரண்டு வருடத்தில் அவள் பார்க்காத நிறம், புத்தகங்களில் தேடியும் அகப்படாத உருவம். துண்டை இரண்டாக உடைத்து, ஒரு பாதியைப் பெங்களூரில் ஒரு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினாள். அங்கே கனிமப் பிரிவில் ரிஃபத் என்ற பெண் விஞ்ஞானி இருந்தார். அதுவரை ஜோவிதா எழுதிய ஆறு கடிதங்களுக்கும் பதில் போட்டவர். இந்த முறை பதில் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தது. 'எங்கள் பட்டியலில் இதோடு ஒத்துப்போவது எதுவும் இல்லை. வந்த ஊசிகள் போதவில்லை, செலவாகிவிட்டன. மீதிப் பாதியை உடனே அனுப்புங்கள்.'

எதுவும் இல்லை என்ற வார்த்தையை அவள் நாலு தடவை படித்தாள்.

அனுப்புகிறதுதான் அனுப்புகிறோம், சுத்தமாக அனுப்புவோம் என்று தோன்றியது. காங்கேயத்துக் கல்லில் அப்பியிருக்கிற சுண்ணாம்பை ஆசிட்டில்தான் எடுப்பாள். பத்துக்கு ஒன்று கலந்து, ஐந்து நிமிடம். எத்தனையோ நூறு கல்லுக்குச் செய்தது. கிண்ணத்தில் துண்டைப் போட்ட நேரம் வாசலில் கேஸ் சிலிண்டர் வந்தது. சிலிண்டரை உருட்டி வைத்து, சீட்டில் கையெழுத்துப் போட்டுத் திரும்பினால் கிண்ணம் முழுக்க நுரை. நுரை அடங்கியதும் மொட்டைப் பாறை மட்டும் கிடந்தது. வெள்ளையும் இல்லை, நீலமும் இல்லை.

கல் சேர்க்காத யாருக்கும் இந்தத் தப்பைச் செய்ய வாய்ப்பே கிடையாது. அழகுபடுத்தப் போய் இருந்ததையே கரைத்துவிட்டாள்.

பெங்களூருக்கு அவள் எழுதியது வேறு. 'மீதிப் பாதி கைதவறி உடைந்துவிட்டது. வேறு துண்டு எடுத்து அனுப்புகிறேன்.' எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். மறு ஞாயிறு போனபோது கிணற்றுமேட்டில் கல் குவியலே இல்லை. ஜல்லி உடைக்கிற கிரஷர்காரன் லாரியில் அள்ளிப் போய்விட்டான். ஜனவரியில் ஓர் ஆள் உயரத்துக்கு மேலே கிடந்த இடத்தில் சாம்பல் நிறத் தூள் மட்டும் இருந்தது. தோட்டத்தில் யாரும் இல்லை. எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிட்டாள்.

இப்போது வியாழக்கிழமை. மில் கேண்டீனில் டீ குடிக்கும்போது எதிரே இருந்தவர் விரித்த பேப்பரில் ஒரு பெட்டிச் செய்தி கண்ணில் பட்டது. பி.ஏ.பி. பாசன வாய்க்காலில் திங்கட்கிழமை தண்ணீர் திறப்பு. வாய்க்காலில் தண்ணீர் ஓடினால் பக்கத்துத் தோட்டத்துக் கிணறுகள் மூன்றாம் நாளே ஏறிவிடும். பாறையில் மீதியிருக்கிற நீலம் எழுபது அடிக்குக் கீழே. அது மூழ்கினால் அடுத்த பஞ்சத்துக்குத்தான் வெளியே வரும்.

வெள்ளிக்கிழமை லீவு கிடைக்கவில்லை; புதுப் பஞ்சு லோடு வந்திருந்தது. நாரின் பருமன் கணக்கை அவள் எழுதிக் கொடுத்த அரைமணி நேரத்தில் ஸ்பின்னிங் மாஸ்டர் சீட்டோடு லேபுக்கே வந்துவிட்டார்.

"ஏனம்மா ஜோவிதா, இந்தப் பஞ்சுல நூல் நூக்கறதா, கெணத்துக்குக் கயிறு திரிக்கறதா?"

மூன்று புள்ளி ஒன்று என்று எழுத வேண்டிய இடத்தில் நாலு புள்ளி ஒன்று எழுதி, மெல்லிய நாரைத் தடித்த நாராக்கியிருந்தாள். பத்தொன்பது வருடத்தில் இல்லாதது. கிணறு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அவளுக்கு முகம் சூடானது. அன்று சாயங்காலம் சிலுவைப்பாதைக்கும் போகவில்லை. ஞாயிறு வரை பொறுக்காமல், அடுத்த வார விடுமுறையை இந்தச் சனிக்கிழமைக்கு மாற்ற இன்னொருத்தியின் வீடு தேடிப் போயிருந்தாள்.

"கெணத்துல எறங்கறதுக்கு லீவு மாத்துன மொத ஆளு நீதான் ஜோவி," என்றார் ஆரோக்கியதாஸ்.

"எறங்கப் போறேன்னு நான் சொன்னனா?"

"நீ சொல்லோணுமா? சேலைக்குக் கீழ என்ற பழைய பேண்ட்டை எடுத்து வெச்சிருக்கறயே."

சனிக்கிழமை காலை சிங்காநல்லூரில் திருச்சி பஸ்ஸைப் பிடித்து, காங்கேயத்தில் இறங்கி, டவுன் பஸ் மாறி, அவள் தோட்டத்துக்குள் நுழைந்தபோது பத்தேகால். ஈஸ்வரமூர்த்தி இல்லை. அவர் மனைவி பழனியாத்தாள் மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிக்கொண்டிருந்தார்.

"அவரு காங்கேயம் போயிருக்காருங். மத்தியானத்துக்குள்ள வந்துருவாரு. நீங்க ஆருங்?"

"கோயமுத்தூருங்க. கெணத்தைப் பாக்கோணும்."

"கெணத்தை என்னத்துக்குங்க கோயமுத்தூர்ல இருந்து வந்து பாக்கோணும்?" என்று கேட்டாலும் உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

ஜோவிதா மோரை நின்றபடியே குடித்தாள். கிணற்றை ஒரு சுற்று வந்தாள். இன்னொரு சுற்று. மேட்டில் மூன்று கால் கிரேன் நின்றது. கல் தூக்குகிற இரும்புச் சட்டி ரோப்பில் தொங்கியது. வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்தாள். திரும்பி வந்து சுற்றினாள்.

"அம்மணி, செக்குமாடாட்டச் சுத்தறீங்களே. சித்தெ உக்காருங். கெணறு எங்கியும் ஓடிப் போயராது."

"தண்ணி வந்துருமுங்களே ஆத்தா."

"தண்ணி வரட்டுமுன்னுதானுங்க வெட்டியிருக்கோம்!"

பதினொன்றரைக்கு ஒரு மொபெட் வந்தது. ஈஸ்வரமூர்த்தி இல்லை, கிரேன்காரர் ரசாக். காங்கேயத்தில் மோட்டார் பட்டறையும் இரண்டு கிணற்றுக் கிரேனும் வைத்திருப்பவர். வாய்க்கால் திறக்கப் போகிறதால் கிரேனைக் கழற்றி அன்றைக்கே வேறு தோட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும். லாரி நாலு மணிக்கு வரும். ஜோவிதாவின் துணிப்பையில் நீட்டிக்கொண்டிருந்த சுத்தியலைப் பார்த்ததும் சிரித்தார்.

"கல்லுங்களா அக்கா? காங்கேயத்துல மோதிரக்கல்லைத் தேடி நாலு பேரு பங்களா கட்டுனான். நானூறு பேரு குழி வெட்டி அதுல அவனே உழுந்தான். நீங்க எந்தக் கட்சி?"

"ரெண்டுமில்லீங்க. நான் வேடிக்கை பாக்கற கட்சி."

ஈஸ்வரமூர்த்தி வர ஒன்றரை ஆனது. நிதானமாகப் பேசுகிற மனிதர். கேள்வி கேட்டுவிட்டு அடுத்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார். ஜோவிதா அவசர அவசரமாகச் சொல்லி முடித்தாள். மில், மைக்ரோஸ்கோப், நீல விசிறி, பெங்களூர். ஆசிட்டை விட்டுவிட்டாள்.

"அந்தக் கல்லு வெலை போகுமுங்களா?"

"போகாதுங்க. மோதிரத்துல வெக்க முடியாது. கண்ணுக்கே தெரியாது."

"வெலையில்லாத கல்லுக்கு எதுக்குங்க ரெண்டு பஸ் ஏறி வாரீங்க?"

பையிலிருந்து லென்சை எடுத்து, கிணற்றுமேட்டில் கிடந்த ஒரு சில்லுக்கு மேல் பிடித்து அவர் கையில் கொடுத்தாள். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். சில்லைத் திருப்பிப் பார்த்தார். பழனியாத்தாளைக் கூப்பிட்டுக் காட்டினார். ரசாக்கும் எட்டிப் பார்த்தார்.

"செவப்பா என்னமோ குந்தியிருக்குதுங்," என்றார் பழனியாத்தாள்.

"கார்னெட்டுங்க. உங்க காட்டுல எங்க தொட்டாலும் இருக்கும்."

"இத்தன நாளா இதைத்தான் மிதிச்சுக்கிட்டுத் திரிஞ்சமா!"

ஈஸ்வரமூர்த்தி லென்சைத் திருப்பிக் கொடுத்தார். "சரிங்க. உங்க நீலம் எங்கிருக்குது?"

அதைச் சொல்ல ரசாக்கே போதும். "எழுவத்தோராவது அடியில வந்த கல்லுங்க அது. வெள்ளையா பூத்தாப்பல. ஊத்து வந்துச்சில்ல, அந்தப் பொளவுலதான்."

ஈஸ்வரமூர்த்தி கையை உயர்த்தித் தடுத்தார். "ஊத்துக்கண்ணுங்களா? அங்க கை வெக்கப்படாதுங்க."

"ஒரு நெல்லளவு போதுமுங்க."

"நெல்லளவோ நெத்தளவோ, அங்க உளி படப்படாது. ஊத்துக் கண்டதும் பூசை போட்டு, உளியைக் கழுவி மேல கொண்டாந்தாச்சு. இனி அதைத் தொடற பேச்சே இல்லீங்க. எங்கண்ணன் கெணத்துல இப்பிடித்தான் எழுவதடியில ஊத்து வந்துச்சு. எச்சா வரட்டும்னு கண்ணுலயே ஒரு வேட்டு வெச்சாரு. மறுநா அந்த ஊத்து எங்க போச்சுன்னே தெரீல. பாறைக்குள்ளயே திரும்பிப் போச்சு. இன்னைக்கும் அந்தக் காடு வெறுங்காடுதான்."

இது சாமி சம்பந்தப்பட்ட பேச்சாக மட்டும் இருந்தால் ஜோவிதா வாதாடியிருப்பாள். பிளவில் ஓடுகிற தண்ணீர் ஒரு மயிரிழை மாறினாலும் போதும் என்று அவளுக்கே தெரியும். அந்தப் பிளவும் அந்தத் தண்ணீரும்தான் அவளுடைய நீலத்தையும் வளர்த்தவை.

"பாக்கவாச்சும் வுடுங்க. எறங்கிக் கண்ணால பாத்துட்டு ஏறிக்கறேன்."

ஈஸ்வரமூர்த்தி மனைவியைப் பார்த்தார். பழனியாத்தாள் ஜோவிதாவை ஓரமாகக் கூட்டிப் போய் மெல்லிய குரலில், "தூரமில்லாத இருக்கறீங்களா?" என்று கேட்டார். அதெல்லாம் போன வாரமே முடிந்தது என்றாள் ஜோவிதா. "அப்பப் போயிட்டு வரட்டுமுங்," என்று பழனியாத்தாள் திரும்பி வந்து சொன்னார். சுத்தியலை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்.

செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகி, இரும்புச் சட்டிக்குள் நின்றாள். ரசாக் பிரேக்கைத் தளர்த்தினார்.

"கீழ பாக்காதீங்க அக்கா. ரோப்பைப் பாருங்க. வாந்தி வந்தா வலப்பக்கமா எடுங்க, எடப்பக்கம் மோட்டார் இருக்குது."

மேல்மண், ஓடைக்கல், அப்புறம் பாறை. அடுக்கடுக்காகக் கடந்து போவதை அவள் பார்க்கத்தான் செய்தாள். இருபதாவது அடியில் அபிரகம் மின்னியது. நாற்பதில் ஒரு கறுப்புப் பட்டை. அறுபதுக்குக் கீழே வெளிச்சம் குறைந்து குளிர்ந்தது. முழங்கால் தண்ணீரில் சட்டி உட்கார்ந்தது.

ஊற்றுக்கண் அவள் மார்பு உயரத்தில் இருந்தது. ஒரு சாண் நீளப் பிளவு. பூசையில் தடவிய மஞ்சள் இன்னும் பாறையில் ஒட்டியிருந்தது. தண்ணீர் சத்தமில்லாமல் வழிந்தது. டார்ச்சைப் பற்களில் கவ்விக்கொண்டு லென்சைக் கண்ணோடு ஒட்டிப் பார்த்தாள்.

இருந்தது. பிளவின் மேல் உதட்டில், தண்ணீர் படாத ஓரத்தில், விரற்கடை நீளத்துக்கு நீலம் பூத்திருந்தது. ஆசிட்டில் போனதைவிட நல்ல விசிறிகள். கை எட்டுகிற தூரம்.

கொண்டையிலிருந்து ஹேர்பின் உருவியது அவளுக்குத் தெரியும். எப்போது உருவினாள் என்பதுதான் தெரியாது. மேலே வட்டமான வானத்தில் மூன்று தலை கறுப்பாகத் தெரிந்தது. அங்கிருந்து பார்த்தால் அவள் முதுகு மட்டும்தான் தெரியும். பின்னின் முனையை நீலத்துக்கு அருகில் கொண்டுபோனாள். ஒரு சுரண்டு. ஊற்றுக்கு ஒன்றும் ஆகாது, அநேகமாக.

அப்புறம் ரெஜிஸ்டரில் என்ன எழுதுவது? ஊர், தோட்டம், அடி எல்லாம் எழுதலாம். எப்படிக் கிடைத்தது என்று அடுத்த பத்தியில் எழுத வேண்டும். ரிஃபத்துக்கு எழுதிய ஒரு பொய்யையே இன்னும் திருத்தி எழுதவில்லை. பின்னைப் பல்லில் கவ்விக்கொள்ள டார்ச் இடம் விடவில்லை. டார்ச்சை எடுத்துவிட்டு அண்ணாந்து கத்தினாள்.

"ஏனுங்! கையெட்டற தூரத்துல இருக்குதுங்! ஒரே ஒரு சுரண்டு சுரண்டிக்கட்டுங்களா?"

கிணறு அதை நாலு தடவை சொன்னது.

"வேண்டாமுங்க!" என்றது மேலேயிருந்து.

"உளியில்லீங்க, ஹேர்பின்னுதான்!"

"ஹேர்பின்னும் வேண்டாமுங்க!"

"கேக்காம செஞ்சுபோட்டு வந்திருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமுங்களா?"

மேலேயிருந்து பழனியாத்தாளின் குரல் வந்தது. "அம்மணி கேக்கறதுல ஞாயமிருக்குதுங்."

"ஞாயம் இருக்குது, ஊத்தும் இருக்கோணுமில்ல!" என்றார் ஈஸ்வரமூர்த்தி. "கல்லைத் தொடாதீங்க கண்ணு! வேற என்ன வேணும்னாலும் கேளுங்க!"

ஜோவிதா கிணற்றின் அடியைப் பார்த்தாள். தண்ணீர், பாசி, மோட்டாருக்குப் போகிற குழாய். குழாயின் நுனி ஊற்றுக்கண்ணுக்கு நேர் கீழே வெட்டிய குழிக்குள் இறங்கியிருந்தது. நுனியில் தண்ணீரை உள்ளே இழுக்கிற ஃபுட் வால்வ். குப்பை ஏறாமல் இருக்க அதைச் சுற்றி நைலான் வலை கட்டியிருந்தார்கள். வலை மேல் கெட்டியாகச் சேறு அப்பியிருந்தது.

பத்தொன்பது வருடமாக அவள் கல்லை உடைத்தா சம்பளம் வாங்கினாள்? குப்பையைப் பிரித்துத்தானே.

"ஏனுங்! ஃபுட் வால்வு அடைக்குதுங்களா?"

"அதைய ஏங்க கேக்கறீங்க! நாலு நாளைக்கு ஒருக்கா அடைக்குது! பொடிக்கல்லா வந்து மாட்டுது!"

"அந்தச் சேத்தை நான் எடுத்துக்கட்டுங்களா? குழியையும் வழிச்சுக் குடுத்தர்றேன்!"

மேலே மூன்று தலையும் ஒன்றாகச் சேர்ந்து பிரிந்தன. சிரிப்புச் சத்தம் இறங்கி வந்தது.

"தாராளமா எடுங்க! எனக்கு ஒரு ஆள் கூலி மிச்சம்!"

ரசாக் இரண்டு உரச்சாக்கைச் சட்டியில் போட்டு இறக்கினார். ஜோவிதா வலையை அவிழ்த்து அலசி, குழியைக் கையாலேயே வழித்து இரண்டு சாக்கிலும் அள்ளினாள். நகம் இரண்டு பிய்ந்தது. வலையைத் திரும்பக் கட்டிவிட்டு மூன்றே முக்காலுக்கு மேலே வந்தபோது லாரி வந்து நின்றிருந்தது.

பஸ்ஸில் கண்டக்டர் சாக்கைக் காலால் தட்டிப் பார்த்தார். "என்னங்கம்மா இது?"

"சேறுங்க."

"கோயமுத்தூர்ல சேறு தீந்து போச்சுங்களா?" என்று லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்குப் போய்வந்ததும் வேலை ஆரம்பித்தது. வீட்டிலிருந்த பாத்திரம் எல்லாம் வாசலுக்கு வந்தது. சேற்றைத் தண்ணீரில் கலக்கி, தெளிய விட்டு, மேல் கலங்கலை வடித்து, அடியில் நின்றதை வெள்ளை எனாமல் தட்டில் பரப்பிக் காயவைத்து மைக்ரோஸ்கோப்பின் கீழே கொண்டுபோக வேண்டும். கலக்குவது ஆரோக்கியதாஸ், பார்ப்பது ஜோவிதா. ஆசிட் பாட்டிலைக் காலையிலேயே எடுத்துப் பரணில் போட்டிருந்தாள்.

முதல் தட்டில் ஒன்றுமில்லை. இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. ஐந்தாவது தட்டில் நீலமாக ஒன்று தெரிந்தது. ஊசியால் திருப்பினாள். ரிப்பன் போல் முறுக்கிக்கொண்டு புரண்டது.

"பருத்தி," என்றாள். "முதிர்ந்த நார். நீலச் சாயம்." திரும்பிப் பார்த்தாள். "லுங்கியை மாத்துங்க."

ஆரோக்கியதாஸ் தன் இடுப்பைக் குனிந்து பார்த்தார். "லுங்கியில ஒரு நூலு உழுந்ததுக்கா?"

"இன்னொண்ணு உழுந்தா என் உசுரே போயிரும். வெள்ளை வேட்டி கட்டிட்டு வாங்க."

வெள்ளை வேட்டி கட்டியபின் ஒன்பதாவது தட்டில் முதல் ஊசி கிடைத்தது. முறுக்கவில்லை. கண்ணாடித் துண்டு போல நேராக, வெட்டு முனையோடு படுத்திருந்தது. சாயங்காலம் சேறு தீர்ந்தபோது மொத்தம் ஏழு. ஆறு வெறும் ஊசி. ஒன்று மட்டும் சாம்பல் நிறப் பாறைத் துணுக்கோடு, அரை விசிறி. மூக்குத்தித் திருகாணியில் பாதிகூட இருக்காது. ஆரோக்கியதாஸ் குனிந்து லென்ஸ் வழியே வெகுநேரம் பார்த்தார். "இதுக்கு நான் பேட்டர்ன் போடோணும்னா முடியாது," என்றார். ஃபவுண்டரிக்காரர் சொல்லக்கூடிய அதிகபட்சப் பாராட்டு அது.

மறுநாள் நாலு ஊசிகளைக் காகிதத்தில் மடித்துக் கடிதத்தோடு அனுப்பினாள். கடிதம் மூன்று பக்கம். கைதவறி உடையவில்லை, ஆசிட்டில் போட்டேன், கேஸ்காரர் வந்தார், நுரைத்துக் கரைந்தது என்று முதல் பக்கத்திலேயே எழுதினாள். இந்த நாலும் பாறையில் எடுத்ததல்ல, ஊற்றுக்கு நேர் கீழே ஃபுட் வால்வில் எடுத்தது என்பது இரண்டாம் பக்கம். அன்று காலை வாய்க்காலில் தண்ணீர் திறந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை ரசாக் பட்டறைக்குப் போன் செய்து கேட்டாள். கிணற்றில் முப்பதடி தண்ணீர் என்றார் அவர். ஈஸ்வரமூர்த்தி வீட்டில் லென்ஸ் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார்களாம்.

ரிஃபத்தின் பதில் வர ஈஸ்டருக்கு முந்தின நாள், பெரிய சனிக்கிழமை, ஆனது. அதற்குள் ஜோவிதா இரண்டு தடவை போஸ்ட்மேனோடு சண்டை போட்டிருந்தாள். பதிலின் முதல் வரியே குட்டு. 'ஆசிட்டில் நுரைத்தது என்று அப்போதே எழுதியிருந்தால், நான் மூன்று வாரம் சிலிகேட் பட்டியலில் தேடியிருக்க மாட்டேன்.' நுரைத்தது என்றால் அது கார்பனேட் வகை. அந்த வகையில் நீலமானவை கொஞ்சம்தான்; அவற்றில் எதுவும் இந்த விசிறி உருவத்தில் தன் கையில் கிடைத்ததில்லை. எக்ஸ்ரேயில் வைத்தால் தெரிந்துவிடும். ஆனால் அரைத்துத் தூளாக்கித்தான் வைக்க முடியும், நாலு ஊசி போதாது. 'மிச்சம் மூன்றையும் கொண்டுவர முடியுமா? தூளானது திரும்ப வராது. தெரிந்த ஏதோ ஒன்று என்று முடிந்தாலும் முடியும். யோசித்து எழுதுங்கள்.'

அவள் ஈஸ்டர் பூசை முழுக்க யோசித்தாள். வீட்டுக்கு வந்து மைக்ரோஸ்கோப்பில் அரை விசிறியைப் பார்த்தாள். எழுந்து வாசலுக்குப் போனாள். திரும்ப வந்து பார்த்தாள்.

"பேரு தெரியாட்டி என்ன? அழகாத்தானே இருக்குது," என்றார் ஆரோக்கியதாஸ்.

"பேரு தெரியாத எப்பிடிங்க வெச்சுக்கறது?"

எக்ஸ்ரே கருவி ஏப்ரல் 17, புதன்கிழமை காலை பத்து மணிக்கு ரிஃபத்தின் முறைக்கு வருகிறது. ஜோவிதாவுக்கு இரண்டு நாள் லீவு கிடைத்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை விடிகாலை சத்தியமங்கலம் வழியாகப் போகிற பெங்களூர் பஸ்ஸில், அரை விசிறி உட்பட மூன்றையும் எடுத்துக்கொண்டு போகிறாள்.